ஒன்பதாம் வகுப்பில் ஒலிப்பதிவு: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் நான். விடுமுறை நாள்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அத்தொழிலின் தொடக்கப் பாடங்களைக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டம் அடுத்து மாற்றியமைக்கப்படும்போது, பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத ஒன்பதாம் வகுப்பில் இசைத் தொழில்நுட்பத்துக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும் என்பதும், அந்தப் பாடவேளை ஏதோ ஒரு மென்பொருளை இயக்கப் பழக்குவதாகச் சுருங்கிவிடாமல், பதிவான ஒலியைக் கூர்ந்து கேட்கப் பழக்குவதாக அமைய வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

இரண்டாவது கோரிக்கையை வலியுறுத்தக் காரணம் உண்டு. கைப்பேசிச் செயலிகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத் துணுக்குகளில் நான்கை அடுக்கினால் சில நிமிடங்களில் பாட்டுப் போன்ற ஒன்று வந்துவிடுகிறது. மாணவர் மகிழ்கிறார், ஆசிரியர் மகிழ்கிறார், ஆண்டு விழா மேடைக்கும் அது போதுமானதாகிவிடுகிறது. அதில் பாடுபவரின் குரல் ஏன் தாளத்துக்குள் அமிழ்ந்துபோகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. இப்போதோ ஒரு வரியைத் தட்டச்சு செய்தாலே செயற்கை நுண்ணறிவு முழுப் பாடலையும் தந்துவிடுகிறது. செயலியை இயக்கத் தெரிந்திருப்பதற்கு இருந்த கொஞ்ச மதிப்பும் இனி இருக்கப்போவதில்லை. இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்கள் எழுதும் பியர்சன் எட்எக்செல் ஏ லெவல் இசைத் தொழில்நுட்பத் தேர்வில் ஒலிப்பதிவுக்கும் இசையமைப்புக்கும் தலா 20 சதவீத மதிப்பெண்ணே உண்டு. மீதமுள்ள 60 சதவீதம், கேட்டு ஆராய்வதையும் தயாரித்து ஆராய்வதையும் சோதிக்கும் இரண்டு தாள்களுக்கு உரியது. அந்தப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. செவிக்கு அவர்கள் தந்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் ஒலி பற்றிய பாடம் ஏற்கெனவே இருக்கிறது. எதிரொலியும் அதில் வருகிறது. பள்ளிக் கட்டடத்தின் நீண்ட சுவருக்கு எதிரே 34 மீட்டர் தள்ளி நின்று ஒரு மாணவி கைதட்ட, பக்கத்தில் இன்னொருவர் கைப்பேசியில் அதைப் பதிவு செய்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்தால், கைத்தட்டலும் எதிரொலியும் இரண்டு முகடுகளாகத் திரையில் தெரியும். இடைவெளி ஏறக்குறைய 0.2 விநாடி இருக்கும். ஒலி சென்று திரும்பிய 68 மீட்டரை அந்த இடைவெளியால் வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும். சென்னையின் வெயிலில் விடை விநாடிக்கு 350 மீட்டரை ஒட்டி வரக்கூடும். காற்றின் வெப்பநிலை கூடக்கூட ஒலியின் வேகமும் கூடும் என்பதை அப்போது விளக்கினால் அது மனத்தில் தங்கும். (பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் முதலில் அதை அணைத்துவிட வேண்டும், எதிரொலியையும் இரைச்சலாகக் கருதி அது அழித்துவிடலாம்.) அடுத்த வாரம் பறையைப் பதிவு செய்யலாம். மைக்கை மிக அருகில் வைத்தால் அலையின் உச்சிகள் சீவப்பட்டுத் தட்டையாகிவிடும்; அப்படிச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது என்பதால், மைக்கைத் தள்ளி வைக்கவும் பதிவளவைக் குறைக்கவும் மாணவர் கற்றுக்கொள்வார். மின்விசிறியின் ஓசை, சாலைப் போக்குவரத்தின் அடியிரைச்சல், மின்சாரத்தால் ஏற்படும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் காணத் தொடங்கிய செவிக்கு அதன் பிறகு எந்த மென்பொருளும் கடினமாக இராது.

நம் இசைக்கே உரிய ஒரு சிக்கலையும் குழு கருத்தில் கொள்ள வேண்டும். இசை மென்பொருள்கள் பலவற்றின் திரையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமக் கட்டங்களாகவே பிரிக்கப்பட்டிருக்கும். இசைக் கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள 1983இல் வெளிவந்த மிடி (MIDI) தரமுறையும் ஸ்வரங்களை 0 முதல் 127 வரையிலான எண்களால்தான் குறிக்கிறது. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அக்கட்டங்களில் ஒன்றில் நிறுத்தினால் அது தோடியாக ஒலிக்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கானா பாடுபவர் வரியின் முடிவில் குரலை இழுத்து இறக்குவதும் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. சுருதியை வளைக்கும் கட்டளை மிடியில் உண்டே என்று தொழில் அறிந்தோர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது செவிக்குத் தெரிந்த பிறகே அது உதவும். ஆகவே முதல் பருவத்தில் கட்டங்களைத் திறக்கவே வேண்டாம். மாணவர்கள் தம் குரலையும், தம் தெருவில் ஒலிக்கும் இசைக் கருவிகளையும் பதிவு செய்து கேட்கட்டும்.

இதற்கெனப் பெரிய செலவு தேவையில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கணினி இருக்கிறது; ஒரு நல்ல மைக்கும், கம்பியுள்ள சில ஹெட்போன்களும் கூடுதலாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரி விலையுயர்ந்த கருவிகளை வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, இசை ஆசிரியரையும் அறிவியல் ஆசிரியரையும் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி அளிப்பதற்கு அந்தப் பணம் பயன்படட்டும். தரமணியில் உள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவு கற்பிக்கப்படுகிறது. பயிற்சிக்கு அவர்களின் உதவியைக் கேட்கலாம். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தப் பெருமையை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அருகிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதையும் யாராவது கேட்கலாம்.

ஹெட்போன் தரும்போது செவிப் பாதுகாப்பையும் பாடத்தில் சேர்த்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சிறுவர்களுக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு, 75 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். மேலும், ஒவ்வொரு பதிவிலும் பாடியவர், எழுதியவர், வாசித்தவர் பெயர்களைக் குறிப்பிடுவது மதிப்பீட்டின் ஒரு பகுதியாக இருக்கட்டும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையை உறுதிசெய்த 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தத்தை எளிமையாக விளக்கவும் அது வாய்ப்பளிக்கும்.

இப்பாடத்துக்கான வரைவு உருவாக்கப்படுமானால், இறுதி செய்வதற்கு முன் அதைத் தமிழிலேயே வெளியிட்டு, இசை ஆசிரியர்களும் ஒலிப்பதிவாளர்களும் கருத்துரைக்க ஒரு மாத காலம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையைச் சேர்ந்த ஒலிப்பதிவாளர் ஒருவர்