தேதியோடு சேர்த்து ஆர்க் எரியும் நேரத்தையும் நீட்டுங்கள்: தொழிற்பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசு நிதியில் நடக்கும் தொழிலாளர் பயிற்சித் திட்டத்தின் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். திட்டத்தின் காலம் முடியப்போகிறது. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்ற கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. நீட்டிக்க வேண்டும் என்றே நாங்களும் கேட்கிறோம். ஆனால் பழைய ஆணையில் தேதியை மட்டும் திருத்தி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டால், பழைய குறைகளுக்கும் சேர்த்தே ஆயுள் நீளும். எங்களுக்குத் தெரிந்த தொழில் வெல்டிங். அதை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். கையால் செய்து பழக வேண்டிய எந்தத் தொழிலுக்கும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

மூன்று மாத வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 25 நாள், மொத்தம் 75 நாள். நாளுக்கு 6 மணி நேரம். சான்றிதழில் 450 மணி நேரப் பயிற்சி என்று அச்சாகும். அதில் 2 மணி நேரம் பாடம், 4 மணி நேரம் பட்டறை. ஒரு பேட்ச்சில் 30 பேர், மெஷின் 6. ஆக ஒரு மெஷினுக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். 240 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 48 நிமிடம். அந்த 48 நிமிடம் முழுவதும் ராடு, அதாவது உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் கம்பி, எரிந்துகொண்டிருக்காது. பிளேட்டை இடைவெளி பார்த்துப் பொருத்த வேண்டும், நகராமலிருக்கச் சிறு பொட்டாக டேக் அடிக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடு தட்டிக் கம்பி பிரஷ் போட வேண்டும், கிரைண்டர் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆர்க், அதாவது ராடு நுனியில் உலோகத்தை உருக்கும் மின்வில், எரிந்தாலே அது நல்ல பட்டறை. அப்படியானால் நாளுக்கு 16 நிமிடம். 75 நாளுக்கு 1,200 நிமிடம். 450 மணி நேரச் சான்றிதழுக்குள் இருப்பது 20 மணி நேர வெல்டிங்.

இந்த 20 மணி நேரம் எந்த இடத்தில் பற்றாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆர்க் பிடிக்க, நேர்கோட்டில் ஓட்ட, கிடைநிலையில் ஃபில்லட் (மூலை இணைப்பு) போட என்று முதல் வாரங்கள் போய்விடும். பிறகு வெல்டிங் நிலைகள்: பிளேட்டைப் படுக்கவைத்து அடிக்கும் 1ஜி, நிற்கும் பிளேட்டில் கிடைக்கோட்டில் அடிக்கும் 2ஜி. கீழிருந்து மேலாக ஏற்றும் 3ஜிக்கு வரும்போது பாதிக் காலம் தாண்டியிருக்கும். தலைக்கு மேல் அடிக்கும் 4ஜி, தேர்வுக்கு முந்தைய சில நாட்களில் அவசர அவசரமாக முடியும். ஆனால் கட்டுமானத் தளத்திலும் பழுதுபார்க்கும் வேலையிலும் இணைப்பைத் திருப்பி வசதியாகக் கீழே படுக்கவைத்துக் கொடுக்க யாருமில்லை. தூணும் உத்திரமும் பைப்பும் எப்படி நிற்கின்றனவோ அப்படியேதான் அடித்தாக வேண்டும். 3ஜியில் உருகிய உலோகம் வழிந்து இறங்கப் பார்க்கும். கரண்டைச் சற்றுக் குறைத்து, இரண்டு ஓரங்களிலும் ஒரு கணம் நின்று, நடுவில் வேகமாகக் கடந்தால்தான் அது படிபோல உறைந்து அடுத்த அடுக்கைத் தாங்கும். ஓரத்தில் நிற்காவிட்டால் அண்டர்கட், அதாவது இணைப்பின் ஓரத்தில் பள்ளம், விழும். நடுவில் நின்றால் தொப்பை போடும், அடுத்த ஓட்டத்தில் அந்தத் தொப்பையின் இரண்டு பக்கமும் கசடு சிக்கும். 4ஜியில் ஆர்க் நீளம் ராடின் விட்டத்தைத் தாண்டவே கூடாது. இதையெல்லாம் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கைக்குப் பழக வாரங்கள் ஆகும். வகுப்பைச் சுருக்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் இந்தக் கடைசிப் பகுதிதான், அதாவது வேலை கிடைக்கும் பகுதி.

எனவே எங்கள் முதல் கோரிக்கை: புது ஆணையில் ‘பயிற்சி நேரம்’ என்பதோடு ‘ஆளுக்கான ஆர்க் நேரம்’ என்று தனியாக ஒரு வரி வேண்டும். இதற்குப் புது மெஷின்கூட வாங்க வேண்டியதில்லை. அதே 30 பேரைக் காலை 15, மாலை 15 என்று இரண்டு ஷிப்டாகப் பிரித்தால், அதே 6 மெஷினில் ஆளுக்கு 96 நிமிடம் கிடைக்கும், ஆர்க் 32 நிமிடம் எரியும், 75 நாளில் 40 மணி நேரம் ஆகிவிடும். கூடுதல் செலவு இரண்டாவது ஷிப்டின் பயிற்றுநர் சம்பளமும் மின்சாரமும் நுகர்பொருளும். மாலை ஷிப்ட் இருந்தால், பகலில் வேலைக்குப் போகிறவர்களும் வந்து சேர முடியும். தொழிலே புதிதாகக் கற்க வருபவர்களுக்கு மட்டும் காலத்தை ஆறு மாதமாக்குங்கள். ஏற்கெனவே பட்டறையில் ஹோல்டர் பிடித்தவர்களை முதல் நாளே இரண்டு பிளேட் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். 2ஜி வரை சுத்தமாக அடிப்பவரை மறுபடி ஆர்க் பிடிக்கும் பாடத்தில் உட்காரவைப்பது அவருடைய கூலி நாளை வீணாக்குவது.

அடுத்தது நுகர்பொருள். ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவு தொகை என்று மொத்தமாகக் கொடுக்கும்போது, நெருக்கடி வந்ததும் மையம் முதலில் கைவைப்பது பிளேட்டிலும் ராடிலும்தான். வாடகையையும் சம்பளத்தையும் குறைக்க முடியாது, இதைக் குறைத்தால் யாருக்கும் உடனே தெரியாது. அதனால் ஆணையில் இந்த ஒதுக்கீட்டைக் கிலோவில் எழுதுங்கள். 10 மி.மீ. தடிமனில் 200 மி.மீ. நீளம், 125 மி.மீ. அகலம் கொண்ட இரண்டு துண்டு சேர்ந்தது ஒரு பயிற்சி இணைப்பு. எடை ஏறக்குறைய 4 கிலோ. 60 டிகிரி ‘வி’ வெட்டில் அதை நிரப்ப 3.15 மி.மீ. ராடு ஏழெட்டு வேண்டும். ஒருவர் 120 இணைப்பு போட வேண்டுமென்றால் 480 கிலோ இரும்பு. பயப்பட வேண்டாம். அடித்த இணைப்பை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பெவல் போட்டால் (ஓரத்தைச் சாய்வாகச் சீவினால்), ஒவ்வொரு முறையும் துண்டில் 20 மி.மீ. அளவுக்குத்தான் குறையும். 125 மி.மீ. துண்டை நான்கு முறை பயன்படுத்தலாம். ஆக ஆளுக்கு 120 கிலோ போதும். கிலோவுக்குச் சுமார் 30 ராடு நிற்கும் என்பதால் 900 ராடுக்கு 30 கிலோ, வீணாவதையும் சேர்த்து 40 கிலோ. வெட்டிப் பெவல் போட ஒரு கேஸ் கட்டிங் செட்டோ பிளாஸ்மா கட்டரோ மையத்தில் இருந்தாக வேண்டும். பல மையங்களின் பட்டியலில் மெஷின் இருக்கும், இது மட்டும் விடுபட்டிருக்கும். அதனால் ஒருமுறை அடித்த பிளேட் நேராகப் பழைய இரும்புக்குப் போய்விடும்.

மெஷின் கொள்முதலில் ஆம்பியரை மட்டும் பார்க்கிறார்கள். டூட்டி சைக்கிளைக் கேட்பதில்லை. 200 ஆம்பியரில் 20 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மட்டுமே அந்தக் கரண்டில் ஓடலாம் என்று பொருள். வீட்டில் கேட் பழுதுபார்க்க அது போதும். ஐந்து பேர் மாறி மாறி நிற்கும் இடத்தில் அது மதியத்துக்குள் சூடேறி நின்றுவிடும். 3.15 மி.மீ. 7018 (ஹைட்ரஜன் குறைவான பூச்சுள்ள வகை) ராடுக்குப் பொதுவாக 100 முதல் 140 ஆம்பியர் தேவை. ‘160 ஆம்பியரில் 60 சதவீதம்’ என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்த்தால் இந்தத் தொல்லை தீரும்.

இனி, இடைவெளி. பழைய ஆணை முடிந்து புது ஆணை வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுவது கோப்பில் சின்ன விஷயம். மையத்தில் அப்படி இல்லை. கை தேர்ந்த வெல்டர் சம்பளமில்லாமல் காத்திருக்க மாட்டார், போய்விடுவார், திரும்பி வரமாட்டார். சிலிண்டருக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பிரித்துப் போட்ட 7018 பாக்கெட் ஈரம் இழுக்கும். அதை 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் காயவைத்து, பிறகு 100 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்து எடுக்க வேண்டும். ஓவன் இல்லாத மையத்தில் அப்படியே எடுத்து அடிப்பார்கள். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் இணைப்புக்குள் போகும், ஊசித்துளை விழும், தடித்த இரும்பில் ஆறிய பிறகு விரிசலும் வரலாம். கற்பவரோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். இப்படிப் பிறர் தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றுவிடுகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் வேறு. உதவித்தொகையைப் பயிற்சி முடிந்த பிறகு மொத்தமாகக் கொடுப்பதுதான் அது. தினக்கூலிக்காரருக்கு வீட்டுச் செலவு வாரா வாரம் வருகிறது. தொகையைக் கூட்ட முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, அதே தொகையை வாரந்தோறும் கொடுங்கள். வேலையில் இருப்பவர் ஊதியத்துடன் கல்வி விடுப்பு பெறுவதற்கென்றே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974இல் 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியிருக்கிறது. கேட்பது புதிய சலுகை அல்ல.

தேர்வை, பயிற்சி கொடுத்த மையமே நடத்தக் கூடாது. பயிற்றுநர்களான நாங்களே இதைச் சொல்கிறோம். தன் மாணவரைத் தானே தோற்கடிக்க மனம் வராது, தேர்ச்சி விகிதத்தைப் பொறுத்துப் பணம் வரும்போது இன்னும் வராது. வெல்டர் தேர்வுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9606-1 படி வளைவுச் சோதனை எளிது. 10 மி.மீ. துண்டை 40 மி.மீ. விட்டமுள்ள உருளையின் மேல் 180 டிகிரி வளைக்க வேண்டும். 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஒரு குறை திறந்தாலும் தோல்வி. ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் போதும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர், மாணவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், துண்டில் முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான்.

அதே தரத்தில் இன்னொரு விதி இருக்கிறது, திட்டம் இதுவரை அதைப் பொருட்படுத்தவில்லை. தேர்ச்சி பெற்றவர் தொடர்ந்து வெல்டிங் செய்துவருகிறார் என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சான்றிதழ் செல்லாது. வேலை கிடைக்கத் தாமதமானால் கையும் மறக்கும், தாளும் காலாவதியாகும். மாதத்தில் இரண்டு நாள் பட்டறையைப் பழைய பயிற்சியாளர்களுக்குத் திறந்துவிட்டால் கைப்பழக்கம் விட்டுப்போகாது. சான்றிதழ் காலாவதியானவரை அங்கேயே மறுதேர்வுக்கு நிறுத்தலாம். செலவு சில ராடும் பழைய பிளேட்டும்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது போதாது, அது புகையை மூக்கு வழியாக இழுத்துத்தான் வெளியேற்றும். ஒவ்வொரு பூத்திலும் ஆர்க்குக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். பெண்கள் சேர வேண்டும் என்று ஆணையில் எழுதும்போது, அவர்கள் அளவுக்குக் கையுறையும் தோல் ஏப்ரனும் வாங்கச் சொல்லியும் எழுதுங்கள். பெரிய கையுறையில் ராடு நடுங்கும்.

கடைசியாக, திட்டம் பலன் தந்ததா என்று எப்போது பார்ப்பது? பயிற்சி முடிந்த சில மாதத்தில் கணக்கெடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். படித்த காலத்தில் வேலை தேடவில்லை, சேர்ந்த இடத்தில் உதவியாளராகத் தொடங்குகிறார்கள். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டு, யோஹன் குளூவே, ஆண்ட்ரியா வெபர் மூவரும் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்டதிலும் இதுதான் தெரிந்தது. வேலைவாய்ப்புத் திட்டங்களின் பலன் உடனடியாகப் பார்த்தால் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு கூடுகிறது. ஆகவே மையத்துக்கான பணத்தை மூன்றாவது மாத நியமனக் கடிதத்தோடு கட்டிவைக்காதீர்கள். அப்படிக் கட்டினால், யாருக்கு எப்படியும் வேலை கிடைக்குமோ அவர்களையே பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு பகுதியை 12ஆம் மாதத்துக்கும் ஒரு பகுதியை 24ஆம் மாதத்துக்கும் ஒத்திவையுங்கள்.

நீட்டிப்பு ஆணை, இப்போதைய காலம் முடிவதற்கு 90 நாள் முன்பாவது மையங்களின் கைக்கு வர வேண்டும். பிளேட் டெண்டருக்கும் மெஷின் பழுதுக்கும் பயிற்றுநர் ஒப்பந்தத்துக்கும் அவ்வளவு நாள் பிடிக்கும். மெஷின், ஓவன், பிளேட், ராடு ஆகியவற்றுக்கான டெண்டர் விவரக்குறிப்பை எழுதித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்றுநர்களும் தேர்வாளர்களும்