முதல் பட்டதாரி சான்றிதழை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் பெற்றோரைத் தாண்டி எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. தங்கள் இதழிலும் அப்படியொரு கட்டுரை வந்தது. அந்தக் கணக்கு நிற்காது.

வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கு, தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக 2010-11இல் தமிழ்நாட்டில் வந்த சான்றிதழ் அது. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். மூன்று தலைமுறை ஒரே தாளில் கிடைத்தால் ஆய்வு செய்பவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கல்லூரி வாசல்வரை வந்தவர்கள்தான் அந்தத் தாளில் இருக்கிறார்கள். அதே தெருவில் பத்தாவதோடு நின்று வேலைக்குப் போன பையன் அதில் இல்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் சலுகை. அக்கா வாங்கிவிட்டால் தம்பி கணக்கில் வரமாட்டான். படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதே கேள்வி. அந்த நூறு பேர் யார் என்று சான்றிதழ் சொல்லாது.

வீடு வீடாகக் கேட்டாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வழக்கமான மாதிரி ஆய்வுகள் அந்த வீட்டில் வசிப்பவர்களை மட்டுமே பட்டியலிடும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ குடிபோன மகனும், கட்டிக்கொடுத்த மகளும் விட்டுப்போவார்கள். மிஞ்சுவது அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைகள். அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்பாவின் நிலைக்கும் பிள்ளையின் நிலைக்கும் உள்ள பிடிப்பு உண்மையைவிடத் தளர்வாகத் தெரியும். வயதுவந்த ஒவ்வொருவரிடமும், மருமகளிடமும்தான், அவரவர் அப்பா அம்மாவின் படிப்பையும் தொழிலையும் கேட்பதே சரி. உயிரோடு இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "அப்பா என்ன செய்கிறார்?" என்றால், "வயசாயிடுச்சு, சும்மா இருக்கார்" என்பார்கள். "உங்களுக்குப் பதினைந்து வயதானபோது என்ன செய்தார்?" என்று கேட்க வேண்டும். "விவசாயம்" என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. சொந்த நிலமா, குத்தகையா, கூலியா? சொந்தமென்றால் எத்தனை ஏக்கர்? பத்து ஏக்கர் நஞ்சைக்காரரையும் நாற்று நட்டவரையும் ஒரே குறியீட்டில் போட்டால் பிறகு எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

வருமானத்தை ஒரே வருடத்துக்குக் கேட்பது இன்னொரு பிழை. மழை பொய்த்த வருடத்தில் எல்லாரும் ஏழைதான். அமெரிக்காவில் தந்தை–மகன் வருமானத் தொடர்பு (தொடர்பே இல்லையென்றால் 0; எண் கூடக்கூடப் பிடிப்பு இறுகுகிறது என்று பொருள்) 0.2 அளவில்தான் என்று ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். சில வருடச் சராசரியை எடுத்து 1992இல் பொருளாதார அறிஞர் கேரி சோலன் கணக்கிட்டபோது அது 0.4 அல்லது அதற்கும் மேல் என்று தெரிந்தது. பிள்ளையின் வயதும் அப்படித்தான். 22 வயதில் கொத்தனார் வேலைக்குப் போனவர் மருத்துவ மாணவரைவிட அதிகம் சம்பாதிப்பார். முப்பதைத் தாண்டிய பிறகு அளப்பதே பொருள் தரும்.

அப்பா ஐந்தாவது, மகன் பிளஸ் டூ என்பதும் ஏற்றம் ஆகிவிடாது. அவரவர் வயதுக்காரர்களின் வரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்க்க வேண்டும். பாதி அப்பாக்கள் பள்ளியையே எட்டிப்பார்க்காத தலைமுறையில், கடைசிப் பத்து சதவீதம் யார் என்று பிரிக்க வழியில்லை. அதனால் பொருளாதார ஆய்வாளர்கள் ஆஷர், நோவோசாட், ராஃப்கின் மூவரும் படிப்பு வரிசையில் கீழ்ப்பாதியில் இருந்த அப்பாக்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு, அவர்களின் மகன்கள் சராசரியாக எந்த இடத்தை எட்டினார்கள் என்று பார்த்தார்கள். இந்தியாவில் அந்தச் சராசரி இடம் பல பத்தாண்டுகளாக அசையவில்லை என்று தெரிந்தது. அந்தச் சராசரிக்குள் பட்டியல் சாதி மகன்கள் ஏறியிருந்தார்கள், முஸ்லிம் மகன்கள் இறங்கியிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி