கேமராவில் அசைவுப் பகுதியை வரைந்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவாசிகள் சேர்ந்து பணம் போட்டுப் பொருத்திய நான்கு கண்காணிப்பு கேமராக்களும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தபோதே, ஒரு வீட்டு வாசலில் நின்ற இரு சக்கர வாகனம் களவுபோனது. வெளியூர் சென்றிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்து புகார் கொடுத்தபோது களவு நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கேமரா படங்களைச் சேமிக்கும் டிவிஆர் கருவியில் பதினோரு நாள் பதிவுதான் மிஞ்சியிருந்தது.

அசைவு இருந்தால் மட்டுமே பதிவாகும், ஒரு மாதம் தாங்கும் என்று சொல்லித்தான் பொருத்துநர் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அசைவைக் கவனிக்க வேண்டிய இடத்தை, அதாவது அசைவுப் பகுதியை, வரையாமல் திரை முழுவதையும் அப்படியே விட்டுவிட்டதால், தெருமுனை வேப்பமரத்தின் கிளை ஆடியதெல்லாம் பதிவாகி, கேமரா ஏறக்குறைய இரவுபகலாகப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி போகும். நான்கு கேமராக்கள் சேர்ந்து 1 டிபி ஹார்டு டிஸ்க்கைப் பதினோரு நாள்களில் நிரப்பிவிடும். அதன்பின் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். செல்பேசிக்கு ஓயாமல் வந்த எச்சரிக்கைகளையும் நாங்கள் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தோம்.

சாதாரண டிவிஆருக்கு மனிதனையும் மரக்கிளையையும் பிரித்தறியத் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே ஒளியில் எவ்வளவு மாற்றம் என்பதை மட்டுமே அது கணக்கிடுகிறது. அதனால் இருட்டில் படமெடுக்கக் கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்கை இரவில் நாடி வரும் பூச்சி, லென்ஸ் அருகே சிலந்தி கட்டிய வலை, மழைத்துளி, சுவரில் பாய்ந்து மறையும் வாகன வெளிச்சம் எல்லாமே அதற்கு அசைவுதான். இதற்கான தீர்வு டிவிஆருக்குள்ளேயே இருக்கிறது. பல கருவிகளில் திரை 22 பத்தி, 18 வரிசை கொண்ட சிறு கட்டங்களாகத் தெரியும். வாசற்கதவு, படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றின் மீதுள்ள கட்டங்களை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, மரத்தையும் சாலையையும் துணி காயும் கொடியையும் விட்டுவிட வேண்டும். பிறகு பகலில் ஒரு முறையும் விளக்கணைந்த இரவில் ஒரு முறையும் ஒருவரை நடக்கச் சொல்லி, எவ்வளவு சிறிய அசைவுக்குப் பதிவு தொடங்க வேண்டும் என்ற உணர்திறனைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறுக்கே நடப்பவரைக் கேமரா எளிதில் பிடித்துவிடும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும் என்பதால், கதவுக்குச் சற்று முன்பிருந்தே கட்டங்களைத் தொடங்குவது நல்லது. ஒட்டடை அடிக்கும்போது கேமரா சிறிது திரும்பினாலும் வரைந்த பகுதி வேறெங்கோ போய்விடும். அதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு வாசலை அசைவுப் பகுதியிலிருந்து நீக்கிவிட்டால் அது பதிவாகாது என்று நினைக்கிறார்கள். அந்தக் கட்டங்கள் பதிவு எப்போது தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன. தொடங்கிவிட்டால் எதிர்வீட்டு வாசலும் ஜன்னலும் சேர்ந்தே பதிவாகும். அவற்றை மறைக்கப் பிரைவசி மாஸ்க் என்ற தனி அமைப்பைப் பயன்படுத்த வேண்டும், அல்லது கேமராவையே திருப்ப வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்துள்ள நாட்டில், அடுத்த வீட்டுப் பெண் கோலம் போடுவதை நம் டிஸ்க்கில் சேமித்து வைக்க நமக்கு என்ன தேவை இருக்கிறது?

பொதுக் கட்டடங்களில் கேமரா வைக்கத் தமிழக அரசு 2012-லேயே விதி வகுத்தது. சென்னைக் காவல் துறையும் 'மூன்றாவது கண்' திட்டத்தின் மூலம் குடியிருப்போரைக் கேமரா பொருத்தும்படி ஊக்குவித்தது. அவ்வாறு வலியுறுத்தும் காவல் துறையினர், தெருக் கூட்டங்களில் பேசும்போது எத்தனை நாள் பதிவு இருக்கிறது, அசைவுப் பகுதி வரையப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டுகிறேன். பொருத்துநர்கள் உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு பகுதியை வரைந்து, இரவுச் சோதனையையும் முடித்த பிறகே மீதித் தொகையைப் பெற வேண்டும். எங்கள் கேமராக்களில் இந்த வேலைக்குத் தலா பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை.