பறக்கவிடும் முன் விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் ரிமோட் விமானம் செய்து பறக்கவிடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, பறக்கவிடுவது எல்லாம் இருந்தது. ஒட்டி முடித்த பிறகு, மைதானத்துக்குப் போகும் முன் மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு மாலை நேர வேலை மட்டும் விட்டுப்போயிருந்தது: விமானத்தின் எடை நடுப்புள்ளியை (சென்டர் ஆஃப் கிராவிட்டி, சுருக்கமாக சிஜி) சரிபார்த்து, கன்ட்ரோலை செட் செய்வது.

நான் கோவையில் பம்ப்செட் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரோட்டரை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் பேரிங் என்ன கதி ஆகும் என்று தெரிந்த தொழில். பதினான்கு வருடமாக ஞாயிறு காலைகளில் மாடல் விமானம் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் நான்கடி இறக்கை கொண்ட பால்சா மரச் சாகச விமானத்துடன் வந்தான். மாட்டுவதற்குச் சுலபம் என்று பேட்டரியை மூக்குப் பக்கம் வைக்காமல் இறக்கைக்கு நேர் அடியில் கட்டியிருந்தான். அதனால் வால் கனத்துவிட்டது. "சிஜி பாத்தியா தம்பி?" என்று கேட்டேன். "கடையிலயே பாத்துட்டாங்க அங்கிள்" என்றான். நான் கிட்டே போவதற்குள் த்ராட்டிலைத் தள்ளிவிட்டான். தரையை விட்டதும் மூக்கு செங்குத்தாக எழுந்தது. அடக்கினான், குப்புறப் பாய்ந்தது. பதறி இழுத்தான், அந்தரத்தில் நின்று ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. மொத்தம் பத்து விநாடி. எட்டு மாதம் சேர்த்த பணம். துண்டுகளைப் பொறுக்கியபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிஜி என்பது விமானத்தின் மொத்த எடையும் சமமாக நிற்கும் இடம். இறக்கையின் சராசரி அகலத்தில், முன் விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் அது இருந்தால் பெரும்பாலான விமானங்கள் சொன்னபடி கேட்கும். கிட்டுடன் வரும் தாளில் அளவு இருக்கும். முதல் தடவைக்கு அதில் முன்பக்க அளவையே எடுங்கள். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இறக்கைக்கு அடியில் இடமும் வலமும் அந்த அளவில் பென்சிலால் குறித்த இரண்டு புள்ளிகளில் இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்குங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு நூல் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. முதலில் பேட்டரியை நகர்த்துங்கள், ஈயம் ஒட்டுவது கடைசி வழி. எரிபொருள் என்ஜின் என்றால் டாங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள். டாங்க் பெரும்பாலும் முன்னால் இருப்பதால், தீரத் தீர எடை பின்னுக்குப் போகும்.

அப்புறம் இடது வலது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் வால் நுனியையும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை கனம் என்று தெரிந்துவிடும். எதிர் இறக்கையின் நுனியில் சின்ன ஈயத் துண்டு போதும். இதை விட்டால் லூப் (செங்குத்தான வட்டம்) அடிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் இழுக்கும்.

கன்ட்ரோல் செட் செய்ய ரிமோட்டை ஆன் செய்யும் முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். என் இடது ஆள்காட்டி விரலில் நான்கு தையல் உண்டு. செர்வோவை (ரிமோட் சொன்னபடி கம்பியைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார்) நடுவில் நிறுத்தி, அதன் கை தள்ளுகம்பிக்குச் செங்குத்தாக இருக்கும்படி மாட்டுங்கள். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) அதிகம் ஆடினால் ரிமோட்டில் அளவைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்வது. அது தப்பு. செர்வோ கையில் கம்பியை ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். செர்வோவின் முழு ஓட்டமும் கிடைக்கும், பிடியும் கூடும். முதல் பறப்புக்கு 12 டிகிரி அசைவு தாராளம். சாகசத்துக்கான பெரிய அசைவை வேறு சுவிட்சில் வையுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபுடாபா ரிமோட்டில் மைனஸ் வைக்க வேண்டும், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். மாற்றி வைத்தால் தொட்டதும் துள்ளும். கடைசியாக, விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள். வலது எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஒன்றரைக் கிலோ விமானம் கட்டுப்பாடு இழந்து ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தாங்கள் மறுபடி இதைப் பற்றி வெளியிடும்போது சிஜி பார்க்கும் படம் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். படத்தை நானே வரைந்து அனுப்புகிறேன். அந்தப் பையனின் விமானம் இப்போது என் பட்டறையில்தான் ஒட்டிக் காய்கிறது. பேட்டரித் தட்டை மூக்குப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கணபதி, கோவை.