ரொக்கப் பதிவேட்டை டீச்சரிடமும் கொடுங்கள்

இதழாசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டுப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று ஏறிப் போகும்போது எங்கே இடறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அரசு வேலையில் பெண்களுக்கான ஒதுக்கீடு நேரடி நியமனத்துக்கு மட்டுமே. பதவி உயர்வில் பணிமூப்பும் துறைத்தேர்வும்தான் பேசும்.

சறுக்கல் ஜூன் மாதமே தொடங்கிவிடுகிறது. பள்ளி திறந்ததும் வேலைப் பங்கீட்டுத் தாள் சுற்றுக்கு வரும். வரவேற்பு, கோலம், குத்துவிளக்கு, ஆண்டுவிழா நடனம் எல்லாம் டீச்சர்களுக்கு. கால அட்டவணை, தேர்வுப் பணி, ரொக்கப் பதிவேடு, கட்டட வேலை எல்லாம் சார்களுக்கு. பதினைந்து ஆண்டு இப்படியே ஓடினால், பதவி உயர்வு ஆணை வரும் நாளில் அந்த டீச்சர் ஒரு சம்பளப் பில்லைக்கூட அரசின் 'களஞ்சியம்' இணையதளத்தில் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் தலைமை ஆசிரியர்தான். கருவூலம் திருப்பி அனுப்பும் பில்லுக்கும், இருப்பில் குறையும் பெஞ்சுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயத்திலேயே பதவி உயர்வைத் துறந்து கடிதம் கொடுப்பவர்கள் உண்டு. வெளியே சொல்லும் காரணம் குழந்தை, மாமியார் என்று இருக்கும். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் வரவு செலவைக் கட்டி ஆண்ட ஆச்சிகளின் ஊர் இது என்பதுதான் வேடிக்கை.

துறைத்தேர்வுகளை டிஎன்பிஎஸ்சி மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அவற்றில் அரசுக் கணக்கு விதிகளைக் கேட்கும் கணக்குத் தேர்வைப் புத்தகம் பார்த்து எழுதலாம். அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். எந்த விதி எந்தப் பக்கம் என்று தெரியாமல் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். புத்தகத்துக்குத் தலைப்புவாரியாகச் சீட்டு ஒட்டி, பழைய வினாத்தாள்களை மணி பார்த்து எழுதிப் பழக வேண்டும். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவர்களுக்கு இதற்கென்று ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தேர்வுக்கு முந்தைய எட்டு சனிக்கிழமைகள் வகுப்பு வைக்கலாம்; பெரிய செலவில்லை.

உதவிபெறும் பள்ளிகளின் கதை வேறு. அங்கே தேர்ந்தெடுப்பது நிர்வாகம். 1974ஆம் ஆண்டு தனியார் பள்ளி விதிகள் தகுதியையும் திறமையையும்தான் முன்னே வைத்தன. அவை ஏறத்தாழ சமமாக இருந்தால் மட்டுமே பணிமூப்பு. 'திறமை' என்ற அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். யாருக்கு எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலை நிர்வாகம் எழுத்தில் வைக்கச் சொல்லிக் கேட்க விண்ணப்பதாரருக்குத் தயக்கம் வேண்டாம்.

இடமும் ஒரு தடை. கண்டனூரில் குடியிருப்பவருக்கு இளையான்குடிப் பக்கம் காலியிடம் காட்டினால் பஸ் மாறி மாறிப் போய் வருவதிலேயே பொழுது கழியும். கலந்தாய்வுக்கு முன்பே காலியிடப் பட்டியலை வெளியிட்டால் பலர் துறப்புக் கடிதம் கொடுக்கமாட்டார்கள்.

பள்ளிகள் இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று: ரொக்கப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கை மாற்றுங்கள். புதிதாகப் பொறுப்பேற்கும் டீச்சர்களுக்கும் ஒரு சொல். ஒப்படைப்புப் பட்டியலில் மாலை அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்னவர் விட்டுப்போன குறை அந்தக் கையெழுத்தோடு உங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்காலியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி