கண்ணாடிப் பெட்டிக்குள் கரையும் கப்பல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்கிறவர்களைப் பற்றி வந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலையைச் செய்துவருவதால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எத்தனை துண்டுகள், எத்தனை மாதங்கள், எவ்வளவு பொறுமை என்று எல்லாமே எழுதியிருந்தீர்கள். ஆனால் செய்து முடித்த கப்பல் அப்புறம் எங்கே போகிறது, அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. போதாததற்கு, படத்தில் இருந்த அழகான கப்பல் ஒன்று ஜன்னலோரத்தில், வெயில் நேராக விழுகிற இடத்தில் நிற்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் கால் வைத்து ஏறுவதற்காகக் கயிற்றுப் படிகள் கட்டியிருப்பார்கள். நிஜக் கப்பலில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஓர் அடியைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். 1:48 அளவில், அதாவது நிஜத்தில் 48-ல் ஒரு பங்காகச் செய்தால் அது 7 அல்லது 8 மில்லிமீட்டர், 1:96 என்றால் அதிலும் பாதி. படி எந்தெந்தக் கயிற்றைக் கடக்கிறதோ அங்கெல்லாம் ஒரு முடிச்சு போட வேண்டும். சும்மா முடிச்சு இல்லை, இரண்டு சுற்று சுற்றி நடுவில் நுழைத்து இறுக்கும் முடிச்சு, இடுக்கியால் போட வேண்டியது. ஒரு நூல் கூடுதலாக இறுக்கிவிட்டால் ஓரத்துக் கயிறுகள் உள்ளே இழுபட்டு நடுவில் ஒடுங்கிப்போகும், அந்த வரிசை முழுவதையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். மூன்று பாய்மரக் கப்பலில் இந்த முடிச்சு மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். இப்படிச் செய்த ஒன்றைத்தான் கொண்டுபோய் வெயிலில் வைக்கிறார்கள்.

நானும் தெரியாமல் ஒரு கப்பலைக் கெடுத்திருக்கிறேன். என் மூன்றாவது கப்பல் விக்டரி, 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் ஏறியிருந்த அதே கப்பல், 1:96 அளவில். பீரங்கிகளையும் நங்கூரங்களையும் ஈயத்தில் வார்த்தேன், ஏனென்றால் ஈயம் சீக்கிரம் உருகும், அச்சில் நன்றாக இறங்கும். முடித்ததும் தூசி ஒரு துளிகூட நுழையக் கூடாது என்று நினைத்து, நல்ல ஓக் மரத்தில் சட்டம் போட்டு, கண்ணாடியின் மூலைகளையெல்லாம் சிலிக்கான் பசையால் அடைத்து, காற்றே புகாத பெட்டியாகச் செய்து வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பெட்டியையும் சேர்த்துப் பாராட்டினார்கள். ஆறேழு வருடம் கழித்துப் பார்த்தால் பீரங்கி வாய்களில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து மெல்லிய தூரிகையால் தொட்டேன், பீரங்கியின் முனை பொலபொலவென்று உதிர்ந்து தளத்தில் கொட்டியது. நங்கூரம் இரண்டும் மாவாகத்தான் இருந்தன.

காரணம் பெட்டிதான். ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமிலம் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். மூக்குக்குத் தெரியாத அளவுதான், ஆனால் வருடக்கணக்கில் நிற்காது. பிளைவுட், மரநாரை ஒட்டி அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகைகளில் இருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் வரும். காய்கிறபோது வினிகர் வாடை அடிக்கிறதே ஒரு வகை சிலிக்கான் பசை, அதிலிருந்து வருவதும் அசிட்டிக் அமிலமேதான். திறந்த அறையில் இதெல்லாம் கலைந்துபோகும். அடைத்த பெட்டிக்குள் போக வழியில்லாமல் சேர்ந்து நின்று, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு கூடி ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கிவிடும். பழைய காலத்தில் ஓவியர்களுக்கான ஈய வெள்ளைச் சாயத்தைத் தயாரித்ததே இந்த முறையில்தான், ஈயத் தகடுகளை வினிகரோடு மூடிவைத்து. அவர்கள் வேண்டுமென்று செய்ததை நான் அறியாமல் என் கப்பலுக்குள்ளேயே செய்திருக்கிறேன். கப்பலைக் காப்பாற்றப் போட்ட பெட்டியே அதைக் கொன்றது என்பது இன்று நினைத்தாலும் வலிக்கிறது.

சரி, அதற்காகப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்து வைத்த கப்பலில் தூசி படிந்து, அது ஈரத்தை இழுத்து, கயிறுகளோடு ஒட்டிப்போனால் எடுப்பது பெரும்பாடு. பெட்டி கட்டாயம் வேண்டும். கண்ணாடியோ அக்ரிலிக்கோ, உலோகச் சட்டமாக இருந்தால் நல்லது. அடித்தட்டில் சில துளைகள் போட்டு, தூசி நுழையாதபடி உள்பக்கம் நெருக்கமான துணியை ஒட்டிவிட்டால் காற்று மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஓக் பெட்டியில் வைத்துவிட்டவர்கள் குறைந்தது இந்தத் துளைகளையாவது போடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பீரங்கியைப் பித்தளையில் கடையலாம், மரத்திலும் கடையலாம், கறுப்பு வண்ணம் பூசிய பிறகு யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. என் விக்டரிக்கு இப்போது பித்தளைப் பீரங்கிகள்தான், அத்தனையையும் மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு கப்பலை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்தேன், ஆசையாகக் கேட்டார்கள். வாசலில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கிறோம் என்று பெரிய கண்ணாடிச் சுவரை ஒட்டி, ஏசி காற்று நேராக மேலே விழும் இடத்தில் வைத்துவிட்டார்கள். பகலில் வெயிலும் குளிரும், இரவில் ஏசி நின்றதும் ஈரம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்கில்தான் உப்பும், சுருங்கும். அதனால் நெருக்கி ஒட்டிய தளப் பலகைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிகள் விட ஆரம்பித்தன. லினன் நூலில் திரித்த கயிறுகள் ஈரத்தில் இறுகி மேல் பாய்மரத்தை வளைத்தன, காய்ந்ததும் தொய்ந்து தொங்கின. இரண்டாவது வருடத்திலேயே வெயில் பட்ட பக்கத்துப் பாய்கள் மஞ்சளாகிவிட்டன. ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லிப் பலமுறை கேட்டேன், அந்த இடத்தில் வைத்தால் அழகாக இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு அலங்காரப் பொருள்.

எகிப்தில் மெக்கேத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920-ல் மரப் படகு மாதிரிகள் கிடைத்தன. ஏறக்குறைய 4000 வருடம் பழையவை, படகோட்டிகளும் துடுப்புகளும் பூசின வண்ணமும் அப்படியே இருக்கின்றன. அந்த அறையும் அடைத்துக் கிடந்ததுதானே என்று யாராவது கேட்கலாம். அதில் அரிப்பதற்கு ஈயம் இல்லை, இருட்டு, வறண்ட காற்று, மாறாத தட்பவெப்பம், அவ்வளவுதான் அதன் ரகசியம். லண்டனில், கிரீனிச்சில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்தில் 17-ம் நூற்றாண்டில் செய்த போர்க்கப்பல் மாதிரிகள் இருக்கின்றன. அடிப்பகுதியில் பலகை மூடாமல் விலா எலும்புகள் மாதிரி சட்டங்கள் தெரியும்படி செய்தவை, பெரும்பாலும் 1:48 அளவு. 300 வருடம் தாண்டியும் நிற்கின்றன. நாம் செய்கிற கப்பலும் அப்படி நிற்க முடியும்.

இன்னொரு விஷயம், பெயர்ப் பலகை. பல இடங்களில் 'பழங்காலக் கப்பல்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள், செய்தவர் பெயர்கூட இருக்காது. கப்பலின் பெயர், அது எந்த வருடத்துத் தோற்றம், என்ன அளவு, எந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்தது, யார் செய்தது, என்ன மரம், இதையெல்லாம் ஒரு சின்ன அட்டையில் எழுதிவிடலாம். வருடம் ஏன் முக்கியம் என்றால், விக்டரி 1765-ல் நீரில் இறங்கியபோது பின்பக்கத்தில் பால்கனி மாதிரி திறந்த மாடங்கள் இருந்தன, டிரஃபால்கருக்கு முன் நடந்த பெரிய பழுதுபார்ப்பில் அவற்றை மூடிவிட்டார்கள், அணியத்தில், அதாவது முன்முனையில் இருந்த சிற்பத்தையும் மாற்றி எளிமையாக்கினார்கள். 1805 என்று எழுதிவிட்டுத் திறந்த மாடம் வைத்தால் அது தவறு, 1765 என்று எழுதினால் அதுவே சரி. செய்தவர் இதற்காக எத்தனை இரவு வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பார் என்பது அந்த அட்டை இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

அடுத்த முறை இந்தக் கலையைப் பற்றி எழுதும்போது இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். அதற்குள் இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது பழைய கப்பல் இருந்து, அதன் பீரங்கியிலோ நங்கூரத்திலோ வெள்ளைப் பொடி தெரிந்தால் தயவுசெய்து ஊதாதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். அது ஈயப் பொடி, உடம்புக்குள் போனால் விஷம். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மரக்கப்பல் செய்யும் ஒரு வாசகர்