குடத்துக்குக் கழுத்து எங்கே தொடங்குகிறது?

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள முருகேசா,

பாப்பாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததும் நிம்மதி.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். முப்பரிமாண மாடலைப் பார்த்து, இது ஓட்டை, இது ஸ்லாட் (நீளமான பள்ளம்) என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். நேர்கோட்டு வடிவங்களுக்கு 1988இல் ஜோஷி, சாங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய வழி இருக்கிறது. ஒவ்வொரு முகமும் ஒரு புள்ளி. இரண்டு முகம் சேரும் விளிம்பு ஒரு கோடு. அந்த விளிம்பு உள்வாங்கியதா, வெளியே தள்ளியதா என்று குறித்துவிட்டால், ஸ்லாட்டை அந்த வலையிலேயே தேடிப் பிடித்துவிடலாம்.

உன் பட்டறையில் செய்யும் பம்பின் வெளிக்கூடான கேசிங் மாதிரி வழுவழுவென்று வளைந்து போகிற உருப்படிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. விளிம்பே இல்லையே, எதைப் பிடிப்பது? வளைவை அளக்கிறோம். குடத்தை நினைத்துக்கொள். வயிறு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே திசையில் வளைகிறது. இரண்டு திசை வளைவையும் பெருக்கினால் வருவது காஸ் வளைவு, அங்கே அது பிளஸ். கழுத்து சுற்றுவாக்கில் ஒரு பக்கமும் மேலிருந்து கீழாக எதிர்ப்பக்கமும் வளைகிறது, அங்கே மைனஸ். குறி மாறுகிற இடத்தில் கம்ப்யூட்டர் கோடு போடும். ஆனால் ஸ்கேன் செய்த மாடலில் மணல் வார்ப்பின் சொரசொரப்பும் வளைவாகவே தெரியும், கோடு புழு மாதிரி நெளியும். சொரசொரப்பை மழுக்கினால் நமக்கு வேண்டிய சின்ன மேடும் சேர்ந்து போய்விடுகிறது.

சரி, மனிதர்கள் போட்ட கோட்டைக் காட்டிப் பழக்கலாம் என்று ஆபீசில் மூன்று பேரிடம் ஒரே கேசிங்கைக் கொடுத்து, கழுத்து தொடங்கும் இடத்தில் கோடு போடச் சொன்னேன். மூன்று கோடும் மூன்று இடத்தில் வந்தன. மூவரும் திரையில் மட்டும் பார்த்தவர்கள். மரத்தைச் செதுக்கிப் பழகிய கைக்கு அந்த இடம் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் ஓர் உதவி. வார்ப்புக்காகச் செய்த பழைய கேசிங் மரப் பேட்டர்ன் நாலைந்தில், போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளேஞ்சின் கழுத்து எங்கே தொடங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு போட்டோ எடுத்து அனுப்பு. ரொம்ப யோசிக்காதே, கை போகிற இடத்தில் போடு. அப்புறம் அதை அழித்துவிட்டு, அப்பாவையும் போடச் சொல். உன் கோட்டை அவரிடம் காட்டிவிடாதே.

அன்புடன்,
சேகர்